‘பனி’ என்ற ஒரு சொல் போதாது: குளிர்கால வானிலைக் குறிப்புகள் பற்றி ஆசிரியருக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வெளிவரும் ‘இவ்வார வானிலை’ என்ற சிறிய கட்டம் தொடர்பாகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். புத்தாண்டு பிறந்ததிலிருந்து ரொறன்ரோவும் அதைச் சூழ்ந்த ஊர்களும் குளிரிலும் பனியிலும் மூழ்கிக் கிடக்கின்றன. ஒருமுறை கொட்டிய பனியை வீதியோரத்திலிருந்து அள்ளி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. பத்திரிகையைக் கையில் எடுப்பவர்கள் முதலில் தேடுவது அந்தச் சிறு கட்டத்தைத்தான் என்பதை நான் என் தொழிலின் வழியாக அறிவேன்.

நான் ஸ்காபரோவில் வீடு வீடாகச் சென்று முதியோரைப் பராமரிக்கும் பணியில் பதினாறு ஆண்டுகளாக இருக்கிறேன். என் பொறுப்பில் உள்ளவர்களில் அரைவாசிப் பேர் ஈழத்திலிருந்து பிள்ளைகளோடு வந்து சேர்ந்த தமிழர்கள். அவர்களுள் ஓர் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. மகன் வெள்ளிக்கிழமைகளில் தமிழ்க் கடையிலிருந்து மரக்கறியோடு தங்கள் பத்திரிகையையும் கொண்டுவந்து வைப்பார். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் மரண அறிவித்தல்களைப் படிப்பார், அடுத்ததாக வானிலையைப் படிப்பார், அதன் பிறகுதான் மற்றவை. படித்து முடித்த தாளை நான்காக மடித்து மருந்துப் பெட்டிக்குக் கீழே வைப்பார். அடுத்த வெள்ளி வரும்வரை அது அங்கேயே இருக்கும். ஆங்கிலத் தொலைக்காட்சியில் ஓடும் எச்சரிக்கை வரியை அவரால் வாசிக்க முடியாது. கைபேசிச் செயலி அவருக்குப் பழக்கமில்லை. வெளியே என்ன நடக்கப்போகிறது என்பதை அவர் அறியும் வழி அந்த மடித்த தாளும், யாராவது வாசித்துக் காட்டும் தமிழ்க் குறிப்புகளும் மட்டுமே.

கடந்த குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, கைபேசியில் சுற்றுக்கு வந்த ஒரு தமிழ்க் குறிப்பை மகன் அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு வேலைக்குச் சென்றிருக்கிறார். அதில் இருந்தது இவ்வளவுதான்: பூச்சியம் பாகை, மழை. பல நாட்களாகப் பனியையே பார்த்திருந்த அம்மாவுக்கு மழை என்ற சொல் ஆறுதலாக இருந்திருக்கிறது. குடையை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள் போடும் செருப்போடு, வீதியோரத்தில் நின்ற வெற்றுக் குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துவர இறங்கினார். படிக்கட்டின் மேல் கண்ணுக்கே தெரியாத ஒரு படலமாகப் பனிக்கட்டி படிந்திருந்தது. நான் சென்றபோது அவர் கதவடியில், முறிந்த மணிக்கட்டை மடியில் வைத்தபடி, சுவரில் சாய்ந்து இருந்தார். “மழை எண்டுதானே பிள்ளை போட்டிருந்தவை” என்பதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. அவருடைய கை ஆறு கிழமைகள் மாக்கட்டில் இருந்தது.

அந்தக் குறிப்பை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. அது தங்கள் பத்திரிகையில் வந்ததும் அல்ல. ஆயினும் அதிலிருந்த குறை நம்முடைய தமிழ் வானிலைக் குறிப்புகள் அனைத்திலும் இருக்கும் குறை என்பதால்தான் தங்களுக்கு எழுதத் துணிந்தேன். அன்று பெய்தது உறைமழை. நிலத்தை ஒட்டிய காற்று உறைநிலைக்குக் கீழே இருக்க, அதற்கு மேலே ஒரு வெதுவெதுப்பான காற்றடுக்கு வந்து படியும்போது, மேலிருந்து விழும் பனி அந்த அடுக்கில் உருகித் துளியாகி, கீழே வந்து தொட்ட இடத்தில் உறைந்துவிடுகிறது. படி, நடைபாதை, மரக்கிளை, மின்கம்பி எல்லாவற்றின் மீதும் அது கண்ணாடியாகப் படியும். 2013 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் ரொறன்ரோவில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மின் இணைப்புகள் அறுந்துபோனதும், பல குடும்பங்கள் நத்தாரை இருட்டில் கழித்ததும் இப்படிப்பட்ட மழையால்தான். 2025 மார்ச் இறுதியில் ஒறிலியாவையும் பீற்றர்பரோவையும் அது மறுபடியும் தாக்கியது. இதைத் தமிழில் வெறும் ‘மழை’ என்று எழுதுவது படிப்பவரைக் குடையோடு படியில் இறக்கி விடுவதற்குச் சமம்.

‘பனி’ என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தபோது முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவங்களுக்குப் பனியின் பெயரையே வைத்தார்கள். ஆனால் அந்தப் பனி புல்நுனியில் படியும் பனி, விடியற்காலையில் மூட்டமாக நிற்கும் பனி. நாம் இங்கு வந்து, வானத்திலிருந்து பஞ்சாகக் கொட்டுவதையும், கல்லாக இறுகிக் கிடப்பதையும், காற்றோடு அள்ளுண்டு பறந்து வீதியை மறைப்பதையும், காரின் கண்ணாடியில் வெண்மையாகப் படிவதையும் அதே ஒரு சொல்லால் அழைக்கத் தொடங்கினோம். வீட்டில் பேசும்போது ‘ஸ்னோ’ என்றும் ‘ஐஸ்’ என்றும் பிரித்துச் சொல்லிச் சமாளித்துக்கொள்கிறோம். அச்சில் வரும்போது தமிழ்ச் சொல்லே வேண்டும் என்று எண்ணி எல்லாவற்றையும் ‘பனி’ ஆக்கிவிடுகிறோம். தமிழில் எழுத வேண்டும் என்ற அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். அதே அக்கறையோடு பனிப்பொழிவு, உறைமழை, பனிக்கட்டித் தூறல், பனிச்சூறை, கண்ணாடிப்பனி என ஐந்தாறு சொற்களைப் பத்திரிகை ஒருமுறை தீர்மானித்து, ஒவ்வொரு கிழமையும் மாற்றாமல் பயன்படுத்தினால், இரண்டு மாதத்தில் வாசகர்களுக்கு அவை பழகிவிடும். பழகும்வரை பக்கத்தில் ‘ஸ்னோ’ என்றோ, கண்ணாடிப்பனிக்கு ‘ப்ளாக் ஐஸ்’ என்றோ தமிழ் எழுத்தில் சேர்த்துப் போடுவதில் எந்தக் குறையும் இல்லை.

அடுத்து, இடம். தங்கள் கட்டத்தில் ‘ரொறன்ரோ’ என்று ஒரே ஒரு வரிசை எண்கள் வருகின்றன. வானொலியிலும் பத்திரிகைகளிலும் ரொறன்ரோவின் வெப்பநிலையாகப் பெரும்பாலும் தரப்படுவது பியர்சன் விமான நிலையத்தில் அளக்கப்படுவது. அந்த நிலையம் இருப்பது மிசிசாகாவில். ஸ்காபரோவில் ஏரியை நோக்கி இருப்பவர்களுக்கும், மார்க்கத்திலோ நியூமார்க்கெட்டிலோ இருப்பவர்களுக்கும், பிரம்ரனில் இரவு வேலைக்குச் செல்பவர்களுக்கும் அதே எண் பொருந்துவதில்லை. 2022 ஜனவரி 17ஆம் திகதி வந்த பெரும் பனிப்புயலில் நகரின் மையப் பகுதியில் 50 சென்ரிமீற்றருக்கும் மேல் கொட்டியது. அன்று விமான நிலையத்தில் விழுந்தது அதைவிடக் கணிசமாகக் குறைவு. குளிர்காலத்தின் தொடக்கத்தில் ஒன்ராறியோ ஏரி இன்னும் கோடையின் சூட்டைத் தாங்கியிருப்பதால், கரையோரத்தில் மழையாகவும் சேறாகவும் விழுவது வடக்கே மேட்டு நிலத்தில் முழுப் பனியாகக் கிடக்கும். அதே பேருந்துப் பாதையின் தெற்கு முனையில் ஈரத் தரையிலும் வடக்கு முனையில் கணுக்காலளவு பனியிலும் நான் ஒரே நாளில் நடந்திருக்கிறேன்.

இந்த வேறுபாட்டின் திறவுகோல் காற்றின் திசை. இதை நம்மவர்களுக்கு விளங்கவைப்பது மிக இலகு என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனெனில் வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று திசைக்கொரு பெயர் வைத்து, எந்தக் காற்று எழுந்தால் கடலுக்குப் போகலாம், எந்தக் காற்றில் போகக்கூடாது என்று அறிந்திருந்த மக்கள் நாம். இங்கும் அதே கணக்குத்தான். வடமேற்கிலிருந்து கடுங்குளிர் காற்று வந்து, இன்னும் உறையாத ஜோர்ஜியன் குடாவையும் ஹியூரன் ஏரியையும் கடக்கும்போது, நீரின் சூட்டையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு கரையேறி, ஒடுங்கிய பட்டைகளாகப் பனியைக் கொட்டுகிறது. பரி, ஒறிலியா, கிரேவன்ஹர்ஸ்ற் போன்ற ஊர்கள் அந்தப் பட்டைகளின் வழியில் இருக்கின்றன. 2024 நவம்பர் இறுதியில் கிரேவன்ஹர்ஸ்ற் பகுதியில் சில நாட்களுக்குள் ஒரு மீற்றருக்கும் மேல் பனி கொட்டி, 11ஆம் இலக்க நெடுஞ்சாலை மூடப்பட்டபோது, தெற்கே ரொறன்ரோவில் நடைபாதைகள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தன. இந்தப் பட்டைக்குள் நுழையும் வாகனம் ஒரு நிமிடம் வெயிலிலும் அடுத்த நிமிடம் முன்னால் செல்லும் வண்டியின் விளக்கே தெரியாத வெண்மையிலும் இருக்கும். பனிச்சூறை என்று நான் மேலே குறிப்பிட்டது இதைத்தான்.

காற்று கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வந்தால் கதை மாறும். அப்போது அது ஒன்ராறியோ ஏரியின் நீளத்தைக் கடந்து ஸ்காபரோவிலிருந்து ஹமில்ரன் வரையான கரையை நோக்கி வருவதால், பொதுவான புயல் கொண்டுவரும் பனியோடு ஏரியின் ஈரமும் சேர்ந்து அளவைக் கூட்டிவிடும். ஒன்ராறியோ ஏரி சராசரியாக 86 மீற்றர் ஆழமானது என்பதால் அது முழுவதும் உறைவது மிக அரிது, மாரி (குளிர்காலம்) முழுவதும் ஈரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஈரி ஏரியின் சராசரி ஆழம் 19 மீற்றர் மட்டுமே. அது பெரும்பாலும் உறைந்து போகும் ஆண்டுகளில், அதன் வழியான ஏரிப் பனி மாரியின் பிற்பகுதியில் ஓய்ந்துவிடுகிறது. உறைவதற்கு முன் அது என்ன செய்யும் என்பதை 2022 நத்தார்க் காலத்தில் அதன் கரையிலுள்ள அமெரிக்க நகரமான பஃபலோ கண்டது, அங்கு ஈரி மாவட்டத்தில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆகவே ‘வியாழன்: பனி’ என்று எழுதுவதைவிட ‘வியாழன்: கிழக்குக் காற்று, ஏரிக்கரையோரம் பனி கூடுதல்’ என்று எழுதினால், அதே இடத்தில் வாசகருக்குப் பல மடங்கு பயன் கிடைக்கும்.

தங்கள் பத்திரிகை வாரத்துக்கு ஒருமுறை வருவதில் இருக்கும் ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். புதன் இரவு அச்சுக்குப் போகும் தாள் அடுத்த வியாழன் வரை மேசைகளில் கிடக்கிறது. அச்சேறும் நேரத்தில் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கான எதிர்வுகூறல் நம்பகமானது. ஐந்தாம் நாளுக்குப் பின் புயலின் பாதை நூறு கிலோமீற்றர் வடக்கே நகர்ந்தாலே பனி மழையாகவும், தெற்கே நகர்ந்தால் ஒன்றுமில்லாமலும் போய்விடும். ஆனால் கட்டத்தில் ஏழு நாட்களும் ஒரே அளவு எழுத்தில், ஒரே உறுதியோடு நிற்கின்றன. ‘செவ்வாய் −4, பனி’ என்று அச்சில் கண்ட முதியவர் அதை நம்பிக் கண் வைத்தியரிடம் போகும் நாளை மாற்றுகிறார். செவ்வாய் வெயிலாக இருக்கிறது, மாற்றிய நாளில் பனி கொட்டுகிறது. இதனால் இரண்டு மாதம் தள்ளிப்போன சந்திப்புகளை நான் அறிவேன். ஏழு எண்களுக்குப் பதிலாக, முதல் மூன்று நாட்களுக்கு எண்களும், மீதி நாட்களுக்குச் சொற்களில் ஒரு பந்தியும் தாருங்கள். ‘கிழமை நடுப்பகுதியில் ஒரு புயல் தெற்கே கடக்கலாம், பாதை இன்னும் தெளிவில்லை, ஞாயிறு மாலை மறுபடியும் கேட்டுப் பாருங்கள்’ என்று எழுதினால், அது எண்ணைவிட உண்மையாக இருக்கும்.

ஐப்பசி மாதத்திலேயே ‘இம்முறை வரலாறு காணாத குளிர்’ என்றும் ‘இம்முறை மிதமான மாரி’ என்றும் வரும் தலைப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருவகால எதிர்வுகூறல் என்பது மூன்று மாதச் சராசரி வழமையைவிடக் கூடவா, குறையவா, சமமாகவா இருக்கும் என்பதற்கான வாய்ப்பைச் சொல்வது. பசிபிக் கடலின் நடுக்கோட்டுப் பகுதி வழமையைவிடக் குளிரும் லா நீனாவும், சூடாகும் எல் நினோவும் அந்த வாய்ப்பைச் சற்று ஒரு பக்கம் சாய்க்கின்றன. எந்தக் கிழமையில் எவ்வளவு குளிரும் என்பதை அவை சொல்வதில்லை. வலுவான எல் நினோ நிலவிய 2015ஆம் ஆண்டில் நத்தாருக்கு முதல் நாள் ரொறன்ரோவில் 15 பாகை செல்சியஸை ஒட்டி வெப்பம் இருந்தது, பிள்ளைகள் மெல்லிய சட்டையோடு வெளியே விளையாடினார்கள். அதே மாரியின் பெப்ரவரி நடுப்பகுதியில் −20க்கும் கீழே குளிர்ந்தது. துருவத்துக்கு மேலே மாரியில் சுழலும் குளிர்காற்று வளையம் தளர்ந்து தெற்கே சரியும்போது இத்தகைய நாட்கள் வருகின்றன. அதைச் சில நாட்களுக்கு முன்னர்தான் நம்பிக்கையோடு சொல்ல முடியும். மிதமான மாரி என்று தலைப்பில் படித்துவிட்டு, வீட்டைச் சூடாக்கும் உலையைச் சரிபார்க்காமல் விட்ட ஒரு வீட்டில், கடுங்குளிர் இரவில் இரண்டு முதியவர்களை நான் போர்வைகளால் சுற்றி வைத்திருக்க நேர்ந்தது. அன்றிலிருந்து அத்தகைய தலைப்புகளைக் காணும்போதெல்லாம் எனக்குக் கவலை பிறக்கிறது.

குளிரைச் சொல்லும்போது வெப்பநிலையை மட்டும் தருவதும் போதாது. −10 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால் உடல் உணரும் குளிர் −20. −20 பாகையில் அதே காற்று வீசினால் −33. அந்த அளவில் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் உறையத் தொடங்கலாம். ஸ்காபரோவின் 3ஆம் இலக்க ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டதன் பின் அந்தப் பாதை நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டதால், முன்பு கூரைக்குக் கீழே ரயிலுக்காக நின்ற நம்மில் பலர் இப்போது பேருந்துகளையே நம்பி, தரிப்பிடங்களில் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கிறோம். எங்களுக்குத் தேவைப்படும் எண் காற்றோடு சேர்ந்த குளிரின் எண். அதைத் தடித்த எழுத்தில் போட்டு, வெப்பநிலையைச் சிறிய எழுத்தில் போட்டாலும் தவறில்லை.

பனியின் அளவிலும் இதேபோல் ஒரு தெளிவு வேண்டும். பொதுவாக ஒரு மில்லிமீற்றர் நீர் ஒரு சென்ரிமீற்றர் பனியாக விழும். கடுங்குளிரில் அதே நீர் ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றர் பஞ்சுப் பனியாகும். உறைநிலையை ஒட்டிய நாளில் ஈரமாக, பனி அள்ளும் சவளோடு ஒட்டிக்கொள்ளும் கனத்த பனியாகும். ‘15 சென்ரிமீற்றர்’ என்ற ஒரே எண், ஒரு நாள் துடைப்பத்தால் தள்ளக்கூடியதாகவும், இன்னொரு நாள் அறுபது வயதுக்காரரின் இதயத்தைச் சோதிப்பதாகவும் இருக்கிறது. கியூபெக் மாகாணத்தின் 1981 முதல் 2014 வரையான தரவுகளைக் கொண்டு 2017இல் கனேடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வு, 20 சென்ரிமீற்றர் பனி விழுந்ததற்கு மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு, பனி விழாத நாளோடு ஒப்பிடுகையில் மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இருந்ததைக் காட்டியது. நம் வீடுகளில் பிள்ளைகள் வேலைக்குப் போனபின் சவளைத் தூக்குவது பெரும்பாலும் அப்பாமார்தான். ‘ஈரப் பனி, கனமானது’ என்ற மூன்று சொற்கள் கட்டத்தில் இருந்தால் மருமகனோ பக்கத்து வீட்டுப் பொடியனோ வரும்வரை அவர்கள் காத்திருக்கக்கூடும்.

இவற்றோடு, கனேடிய சுற்றுச்சூழல் திணைக்களம் 2025 நவம்பரில் தொடங்கிய நிற எச்சரிக்கை முறையை வாசகர்களுக்கு ஒருமுறை முழுமையாக விளக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்ற மூன்று நிறங்கள் பனியின் உயரத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. அதனால் மக்களுக்கு நேரக்கூடிய பாதிப்பையும், எதிர்வுகூறல் எவ்வளவு உறுதியானது என்பதையும் சேர்த்துப் பார்த்தே வழங்கப்படுகின்றன. மஞ்சள் அடிக்கடி வரும், சிவப்பு மிக அரிது. நான் செல்லும் வீடுகளில், மஞ்சளை ‘ஒன்றுமில்லை’ என்று எண்ணுபவர்களும் இருக்கிறார்கள், எந்த நிறத்தைக் கண்டாலும் பேரப்பிள்ளையைப் பாடசாலைக்கு விடாதவர்களும் இருக்கிறார்கள். நிறத்துக்கு மொழி தேவையில்லை என்பதால், தமிழ் மட்டும் வாசிப்பவர்களுக்கு இம்முறை உண்மையில் ஒரு வரப்பிரசாதம், பொருளை யாராவது அவர்களுக்குத் தமிழில் சொன்னால். மின்தடை வரும் நாட்களில் வீட்டுக்குள் கரியடுப்பு மூட்டக்கூடாது என்பதையும் அருகில் அச்சிடுங்கள். 2013இல் அப்படி மூட்டியவர்கள் காபன் மொனொக்சைட்டு நச்சேறி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். நகரசபையின் 311 இலக்கத்தை அழைத்துத் தமிழில் பேச வேண்டும் என்று கேட்டால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள் என்பதும் பல முதியவர்களுக்கு இன்னும் தெரியாது.

இவை எல்லாவற்றுக்கும் அந்தச் சிறு கட்டம் கால் பக்கமாக விரிய வேண்டியிருக்கும் என்பதை உணர்கிறேன். விளம்பரத்தால்தான் பத்திரிகை நடக்கிறது என்பதும் தெரியும். டிசம்பரிலிருந்து மார்ச் வரையான நான்கு மாதங்களுக்கு மட்டுமாவது அந்த இடத்தை ஒதுக்க முடியுமா என்று கேட்கிறேன். சொற்களைத் தெரிவு செய்வதற்கு உதவி தேவைப்பட்டால், என்னோடு பணிபுரியும் தமிழ்ப் பராமரிப்பாளர்கள் சிலர் தாம் பார்க்கும் முதியவர்களிடம் ஒவ்வொரு சொல்லையும் வாசித்துக் காட்டி, எது உடனே விளங்குகிறது, எது விளங்கவில்லை என்று எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறோம்.

மணிக்கட்டு முறிந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். ‘உறைமழை’ என்ற சொல்லை அவர் இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். பிறகு, பெரிய எழுத்தில் போடச் சொல்லும்படி என்னிடம் கேட்டுக்கொண்டார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
முதியோர் பராமரிப்புப் பணியாளர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.